கிட்டார் பயிற்சியில் வேகம், நுட்பம், உணர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் கற்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆனவுடன் பெரும்பாலானோருக்கு ஒரு குழப்பம் வருகிறது. விரல்களை வேகமாக ஓடப் பழக்குவதா, ஒவ்வொரு சுரத்தையும் சுத்தமாக ஒலிக்கச் செய்வதா, கேட்பவர் மனத்தில் பதியும்படி வாசிக்கப் பழகுவதா, இருக்கும் நேரத்தை எதற்குக் கொடுப்பது என்பதே அது. கற்பவர்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். பெரும்பாலானவை மின் கிட்டாருக்கும் அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் பொதுவானவை. வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

வேகமாக வாசிப்பவர்களிடம் உணர்வு இருக்காது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மையில்லை. பாக்கோ தே லூசியா, ஜான் மெக்லாஃப்லின், அல் டி மியோலா ஆகிய கிட்டார் கலைஞர்கள் மூவரும் 1980 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் சேர்ந்து வாசித்த நிகழ்ச்சியின் பதிவு அடுத்த ஆண்டு இசைத்தட்டாக வந்தது. அதைக் கேட்டுப் பாருங்கள். சுரங்கள் மழையாகக் கொட்டும் இடங்களில்கூட எந்தச் சுரத்துக்கு அழுத்தம், எங்கே ஒரு வரி முடிகிறது, எங்கே மூச்சு விடப்படுகிறது என்பதெல்லாம் தெளிவாகக் கேட்கும். மறுபக்கம் புளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங் மிகக் குறைந்த சுரங்களைக் கொண்டே தம் வாழ்நாள் முழுவதும் வாசித்தார். அவர் நிறுத்தி அதிரவிடும் ஒரே சுரத்தை வைத்து, வாசிப்பது அவர்தான் என்று சொல்லிவிடலாம். இந்த இரு தரப்புக்கும் பொதுவானது ஒன்று உண்டு. தந்தியைத் தொடும் முன்பே அடுத்து வரவேண்டிய ஒலி அவர்கள் மனத்தில் கேட்டுவிடுகிறது.

ஆகவே வேகத்தையும் உணர்வையும் எதிரெதிரே நிறுத்துவது பிழையான பிரிவினை என்றே கருதுகிறேன். மனத்தில் கேட்ட பிறகு வாசிக்கும் சுரம், விரல் பழகிய தடத்தில் தானாக ஓடி விழும் சுரம் என்ற வேறுபாடே முக்கியமானது. இரண்டாம் வகைச் சுரம் மெதுவாக வந்தாலும் வெறுமையாகத்தான் ஒலிக்கும். உங்கள் வாசிப்பு எந்த வகை என்று அறிய எளிய சோதனை உண்டு. நீங்கள் வேகமாக வாசிக்கும் ஒரு பகுதியைக் கிட்டாரைத் தொடாமல், மெதுவாக, வாயால் பாடிப் பாருங்கள். குரல் இனிமையாக இருக்கவேண்டியதில்லை, சுரங்களின் ஏற்ற இறக்கம் சரியாக வந்தால் போதும். பாட முடியாத இடத்தில் விரல்கள் காதை முந்திச் சென்றுவிட்டன என்று கொள்ளலாம்.

தொடக்கநிலையில் இருப்பவர் எதற்கு முதலிடம் தரவேண்டும்?

தெளிவுக்கு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளியோ தேவையற்ற உராய்வொலியோ இல்லாமல் செல்வது, ஒரு கார்டில் (சேர்ந்தொலிக்கும் பல சுரங்களில்) எல்லாத் தந்திகளும் ஒலிப்பது, கார்டு மாறும்போது தாளம் நிற்காமல் இருப்பது ஆகிய மூன்றும் முதல் ஆண்டுக்குப் போதுமான வேலை.

ஆனால் "முதலில் நுட்பம், அடுத்து வேகம், கடைசியாக உணர்வு" என்று படிக்கட்டு கட்டி வைத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. இரண்டு ஆண்டுகள் ஸ்கேல்களை (சுரவரிசைகளை) ஒரே அழுத்தத்தில், ஒரே நீளத்தில், வெறும் விரற்பயிற்சியாக வாசித்தவருக்கு அந்தத் தட்டையான வாசிப்பே பழக்கமாகிவிடும். பிறகு அதில் உயிரைச் சேர்ப்பது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம். மூன்றே சுரங்கள் தெரிந்தாலும் அவற்றை மென்மையாகத் தொடங்கி வலுவாக முடிப்பது, நடுச்சுரத்தை நீட்டுவது, கடைசிச் சுரத்தைச் சட்டென்று நிறுத்துவது என்று பல விதமாக வாசித்துப் பார்க்கலாம். இதை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.

நுட்பம் என்பதில் அடங்குபவை எவை?

இடக்கையில் முதன்மையானது, தேவையான அளவுக்கு மட்டும் அழுத்துவது. விரல்நுனியை, கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்னும் உலோகக் கம்பிக்கு நெருக்கமாக, அதன் பின்புறத்தில் (கிட்டாரின் தலைப்பகுதியை நோக்கிய பக்கத்தில்) வையுங்கள். தந்தியைத் தொட்டு மெல்ல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே வலக்கையால் மீட்டினால், அடைபட்ட ஒலி இரைச்சலாகி, பிறகு தெளிவாகும் ஒரு புள்ளி வரும். அதற்குமேல் தரும் அழுத்தம் முழுவதும் வீண். அது கையைச் சோர்வடையச் செய்வதோடு, குறிப்பாக உயரமான ஃப்ரெட்டுகள் உள்ள கிட்டாரில், சுருதியையும் சற்று உயர்த்திவிடும். வேலையில்லாத விரல்கள் பலகையை விட்டுத் தொலைவாக எழுந்து நிற்காமல் தந்திகளுக்கு அருகிலேயே இருக்கவேண்டும்.

வலக்கையில் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) தந்திக்குள் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதே பாதி நுட்பம். நுனி மட்டும் பட்டு விலகினால் தந்தி எதிர்ப்புக் காட்டாது. பிக்கை முழுவதும் தட்டையாகப் பிடிக்காமல் சற்றே சாய்த்து, அதன் விளிம்பு தந்தியில் வழுக்கிச் செல்லுமாறு வைத்துக்கொண்டால் ஓட்டம் இன்னும் சீராகும்.

மூன்றாவது, பலரும் மிகத் தாமதமாகக் கற்பது: வாசிக்காத தந்திகளை அடக்கி வைத்தல். தடித்த தந்திகளை வலது உள்ளங்கையின் ஓரத்தாலும், மெல்லிய தந்திகளை இடக்கைச் சுட்டுவிரலின் அடிப்பகுதியாலும் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் அமைப்பு) வைத்து வாசிப்பவர்களுக்கு இது தவிர்க்கவே முடியாதது. வேகமாக வாசிக்கும்போது ஒலி கலங்கித் தெரிவதற்குக் காரணம் விரல்கள் மட்டும் என்று எண்ணிவிடக்கூடாது. பக்கத்துத் தந்திகளின் முனகலும் பெரும்பாலும் அதில் கலந்திருக்கும்.

மெட்ரோனோமை எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் எண்களின் பொருளைப் புரிந்துகொள்வது நல்லது. மெட்ரோனோம் என்பது சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் கருவி. அதில் 60 என்றால் நிமிடத்துக்கு 60, அதாவது விநாடிக்கு ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு 4 சுரங்கள் வாசித்தால் விநாடிக்கு 4 சுரங்கள். அதே முறையில் 120-இல் விநாடிக்கு 8 சுரங்களும், 180-இல் 12 சுரங்களும் ஆகும். 12 சுரங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 0.083 விநாடி. அந்தக் குறுகிய நேரத்துக்குள் இரண்டு கைகளும் ஒரே கணத்தில் சந்தித்தாக வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், வேகம் விரலின் வலிமையைவிட ஒத்திசைவையே அதிகம் சார்ந்தது என்பது விளங்கும்.

ஒரு பகுதியைத் தவறே இல்லாமல், தோளும் மணிக்கட்டும் இறுகாமல், தொடர்ந்து பல முறை வாசிக்க முடிகிற வேகமே உங்கள் தொடக்க வேகம். அங்கிருந்து நான்கைந்து எண்கள் கூட்டிச் செல்லலாம். தவறு வராவிட்டாலும் உடல் இறுகத் தொடங்கினால் அதையும் தவறாகவே கணக்கில் கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

மெட்ரோனோம் வேகத்தை ஏற்றும் கருவி மட்டுமன்று, லயத்தைச் சோதிக்கும் கருவியும் ஆகும். மெட்ரோனோமை 40-இல் வைத்தால் இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஒன்றரை விநாடி இடைவெளி இருக்கும். அந்த வெற்றிடத்தை நீங்களே அளந்து, அடுத்த தட்டில் துல்லியமாக இறங்குவது, 140-இல் வாசிப்பதைவிடக் கடினமாக இருக்கலாம். நான்கு தட்டுத் தாளத்தில் 2, 4 ஆகிய தட்டுகள் மட்டும் ஒலிப்பதாகக் கற்பனை செய்துகொண்டு வாசிப்பதும் மிக நல்ல பயிற்சி. இப்படிச் செய்யும்போது தாளத்தின் பாதியைச் சுமக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்துவிடுகிறது.

மெதுவாகவே பயின்றுவந்தால் வேகம் தானாக வந்துவிடுமா?

ஓரளவுக்கு வரும், அதன்பின் நின்றுவிடும். மெதுவாக வாசிக்கும்போது கை செய்யும் அசைவும், வேகமாக வாசிக்கும்போது செய்யவேண்டிய அசைவும் ஒன்றல்ல. மெதுவான நிலையில் ஒவ்வொரு மீட்டலுக்கும் தனித்தனியாகத் தொடங்கி நிறுத்த நேரம் இருக்கிறது. முழங்கையை ஆட்டினாலும், விரலை உயரத் தூக்கினாலும் தண்டனை கிடையாது. வேகத்திலோ அசைவு சிறியதாக, நிற்காமல் ஊசலாடுவதாக இருக்க வேண்டும். ஆகவே மெதுவாகப் பயிலும்போது வேகத்துக்குப் பொருந்தாத அசைவு ஒன்றை ஆண்டுக்கணக்கில் மெருகேற்றிக்கொண்டிருக்கும் ஆபத்து உண்டு.

இதற்கு வழி, நீளத்தைக் குறைத்துக்கொண்டு வேகத்தைத் தொடுவது. ஐந்தே சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் நான்கும் ஒரு தட்டுக்குள், ஐந்தாவது அடுத்த தட்டின் மேல். அதை உங்கள் வழக்கமான வேகத்தைவிட மிகக் கூடுதலாக, ஒரே வீச்சில் வாசித்து நிறுத்துங்கள். கையைத் தளர்த்துங்கள், மீண்டும் வாசியுங்கள். சில முறைக்குப் பின் அந்த வேகத்தில் கை எப்படி நகர விரும்புகிறது என்பது தெரியவரும். அந்த அசைவைக் கவனித்து, அதையே மெதுவான பயிற்சிக்கும் கொண்டுவாருங்கள். இரண்டு வீச்சுகளை இணைத்து ஒன்பது சுரங்கள், பிறகு பதினேழு என்று நீட்டிச் செல்லலாம். மெதுவான பயிற்சி துல்லியத்தையும் நினைவையும் தரும். எந்த அசைவு உதவும் என்பதை இந்தக் குறு வீச்சுகளே காட்டும். இரண்டும் ஒரே நாளில் இடம்பெற வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குமேல் எவ்வளவு முயன்றாலும் ஏற முடியவில்லை. என்ன காரணம்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. எது என்று கண்டுபிடிக்காமல் மெட்ரோனோமை மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பது பயன் தராது.

ஒரே தந்தியில், ஒரே சுரத்தை, இடக்கையை அசைக்காமல் மீட்டிப் பாருங்கள். அந்த வேகம் இங்கேயும் வரவில்லை என்றால் சிக்கல் வலக்கையில் இருக்கிறது. அங்கே வந்து, இடக்கை விரல்கள் சேர்ந்ததும் கலைந்தால் ஒத்திசைவில் குறை. அப்போது ஒவ்வொரு தட்டின் முதல் சுரத்துக்கும் அழுத்தம் கொடுத்து வாசிப்பது கைகளை மீண்டும் சேர்த்துவைக்கும். ஒரே தந்தியில் எல்லாம் நன்றாக இருந்து, தந்தி மாறும்போது மட்டும் தடுமாறினால், பிக் இரண்டு தந்திகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது என்று பொருள். பிக்கின் பாதை தந்திகளின் தளத்துக்கு இணையாக இருந்தால், ஒவ்வொரு மீட்டலுக்குப் பிறகும் அது அடுத்த தந்தியில் முட்டும். பாதையைச் சற்றே சாய்த்தால் ஒரு திசை மீட்டலின் முடிவில் பிக் தந்திகளின் மேலே எழும்பி வெளிவரும், அந்தக் கணத்தில் எந்தத் தந்திக்கும் தடையின்றிப் போகலாம். கீழ்நோக்கிய மீட்டலில் வெளிவருகிறதா, மேல்நோக்கியதில் வெளிவருகிறதா என்பதைக் கவனித்து, தந்தி மாற்றம் அந்த மீட்டலுக்குப் பின் வருமாறு விரலமைப்பை மாற்றிக்கொண்டால், நெடுநாள் நின்ற தடை சில வாரங்களில் விலகுவதும் உண்டு.

உணர்வு பிறவியிலேயே அமைவது என்கிறார்களே, அதைப் பயில முடியுமா?

முடியும். உணர்வு என்று நாம் மொத்தமாக அழைப்பதைக் கூர்ந்து கேட்டால் அது பல சிறு செயல்களாகப் பிரியும், ஒவ்வொன்றையும் தனியே பயிலலாம். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனெனில் வேகப் பயிற்சிக்குக் கிடைக்கும் வழிகாட்டலில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை.

முதலாவது பெண்டிங், அதாவது தந்தியை வளைத்துச் சுருதியை உயர்த்துதல். மெல்லியதிலிருந்து இரண்டாவது தந்தியில் 10-ஆவது ஃப்ரெட்டை வாசித்து அந்த ஒலியை மனத்தில் நிறுத்துங்கள். பிறகு 8-ஆவது ஃப்ரெட்டில் மோதிரவிரலை வைத்து, மற்ற விரல்களைப் பின்னால் துணைக்கு நிறுத்தி, மணிக்கட்டைத் திருப்பி, அதே ஒலியை எட்டும்வரை வளையுங்கள். எட்டியதும் 10-ஆவது ஃப்ரெட்டை மீண்டும் வாசித்து ஒப்பிடுங்கள். சற்றே குறைந்து நிற்கும் பெண்டிங் கேட்பவரை உறுத்தும். பல சோலோக்கள் (தனி வாசிப்புகள்) உயிரற்றுப் போவதற்கு இந்தச் சுருதிக் குறையே காரணம்.

இரண்டாவது வைப்ராட்டோ, அதாவது ஒலிக்கும் சுரத்தை அதிரவிடுதல். பி. பி. கிங் தம் உறவினர் புக்கா வைட் ஸ்லைடு (தந்தியின் மேல் வழுக்கிச் செல்லும் குழாய்) கொண்டு எழுப்பிய ஒலியைத் தம்மால் கொண்டுவர முடியாததால், வெறும் விரலை அதிரவைத்து அதை நெருங்க முயன்றார், அதுவே அவர் அடையாளமாயிற்று. வைப்ராட்டோவில் இரண்டு அளவுகள் உண்டு: எவ்வளவு அகலம், எவ்வளவு விரைவு. இரண்டையும் தனித்தனியே மாற்றிப் பயில வேண்டும். மின் கிட்டாரில் தந்தியைக் குறுக்கே ஆட்டுவதால் சுருதி மேலே மட்டும் போய்த் திரும்பும். ஒவ்வொரு முறையும் அது அடிச்சுருதிக்கு முழுமையாக இறங்குகிறதா என்று காது கவனிக்க வேண்டும். நைலான் தந்திக் கிளாசிக்கல் கிட்டாரில் விரலைத் தந்தியின் நீளவாக்கில் அசைப்பார்கள், அங்கே சுருதி சற்று மேலும் கீழுமாக அசையும். சுரம் தொடங்கியவுடனே அதிரவிடாமல், ஒரு கணம் நேராக நிறுத்திப் பின் அதிரவிட்டால், பாடகர் குரலை நீட்டுவதுபோல் ஒலிக்கும்.

மூன்றாவது, சுரம் தட்டில் எங்கே விழுகிறது என்பது. தட்டின் நடுவில், சற்று முன்பு, சற்றுப் பின்பு என்று மூன்று இடங்கள் உண்டு. தட்டுக்குச் சற்றே பின்னால் விழும் சுரம் இளைப்பாறும் தன்மையையும், முன்னால் விழுவது அவசரத்தையும் தருகிறது. ஆனால் தட்டின் நடுவில் நினைத்தபோது இறங்கத் தெரிந்தவருக்கே மற்ற இரண்டும் கைவரும். அது தெரியாமல் பின்தங்குவது தடுமாற்றமாகவே கேட்கும்.

இவற்றோடு வலக்கை மீட்டும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜுக்கு (தந்திகள் கிட்டாரின் உடலில் ஊன்றியிருக்கும் இடத்துக்கு) அருகே மீட்டினால் ஒலி கூர்மையாகவும், கழுத்தை நோக்கிச் செல்லச் செல்ல உருண்டு கனிந்தும் வரும். ஒரே தந்தி, நான்கே சுரங்கள் என்று எல்லை வகுத்துக்கொண்டு, மேற்சொன்னவற்றை மட்டும் மாற்றி மாற்றிப் பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். கற்பனைக்கு இவ்வளவு இடம் இருக்கிறதா என்று வியப்பாக இருக்கும். உங்களுக்குப் பிடித்த பாடகர் ஒருவர் பாடிய வரியை, அவர் எடுக்கும் மூச்சு இடைவெளிகளோடு, கிட்டாரில் அப்படியே எடுத்துப் பார்ப்பதும் மிகப் பயனுள்ளது.

அப்படியானால் மெதுவாக வாசித்தால் உணர்வு வந்துவிடுமா?

வராது. வேகம் கைவராததை மறைக்க "நான் உணர்வுக்காக வாசிக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வதும் நேர்வதுண்டு. நீண்ட சுரம் எல்லாக் குறையையும் வெளியே காட்டிவிடும்.

சோலோ வாசிக்காதவர்களுக்கு இந்த விவாதம் பொருந்துமா?

மற்றவர்களைவிட அதிகமாகப் பொருந்தும். கவுண்ட் பேசி என்ற ஜாஸ் கலைஞரின் இசைக்குழுவில் ஃபிரெடி கிரீன் 1937 முதல் 1987-இல் மறையும்வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கிட்டார் வாசித்தார். சோலோ என்று அவர் வாசித்தது மிக அரிது. பெரும்பாலும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கார்டு, அவ்வளவே. ஆனால் அந்தப் பெரிய குழுவின் நடையே அவர் வலக்கையில் நின்றது. கார்டை எவ்வளவு நேரம் ஒலிக்கவிட்டு, இடக்கையைத் தளர்த்தி எப்போது நிறுத்துகிறோம் என்பது தாள வாசிப்பின் உயிர். ஸ்ட்ரம்மிங் (தந்திகளை ஒருசேர வீசி மீட்டுதல்) பயில்வோர் பலர் மீட்டும் கணத்தை மட்டும் கவனிக்கிறார்கள். ஒலி அடங்கும் கணத்தையும் அதே அக்கறையோடு கவனித்தால் வாசிப்பு உடனே மாறுவதைக் கேட்கலாம்.

என் விரல்கள் குட்டையானவை. வயதும் கூடிவிட்டது. வேகம் எனக்கு எட்டுமா?

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அதன்பின் அவர் தம் சோலோக்களைப் பெரும்பாலும் மற்ற இரண்டு விரல்களாலேயே வாசித்தார். அந்த வாசிப்பின் வேகத்தை இன்றும் பலரால் எட்ட முடியவில்லை. பிளாக் சபாத் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். விரலுக்கு உறைகள் செய்துகொண்டும், தந்திகளின் இறுக்கத்தைக் குறைத்தும் தமக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டார். தம் கைக்கு ஏற்ற விரலமைப்பைத் தேடிக்கொண்டவர்கள் இவர்கள். வயது கூடியவர்களுக்குக் கற்கும் நேரம் சற்று நீளலாம், பயிற்சிக்கு முன் கையை இளக்கிக்கொள்வதில் கூடுதல் கவனம் வேண்டும், மற்றபடி முறை ஒன்றே.

தினமும் எவ்வளவு நேரம் பயில வேண்டும்?

வாரத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரத்தைவிட, தினமும் அரைமணி நேரம் மேல். பழகிய அசைவு தூக்கத்தின்போதும் மூளையில் நிலைபெறுவதால், நேற்று வராதது இன்று காலையில் வருவதைப் பலரும் கண்டிருப்பார்கள். அரைமணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை வேகத்துக்கும் தெளிவுக்கும், இன்னொரு பங்கை மேலே சொன்ன பெண்டிங், வைப்ராட்டோ போன்றவற்றுக்கும், எஞ்சியதை முழுப் பாடல் வாசிப்பதற்கும் ஒதுக்கலாம். மூன்றாவது பங்கை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

வேகப் பயிற்சியின்போது கை வலிக்கிறது. தொடரலாமா?

தொடரக்கூடாது. விரல்நுனித் தோல் எரிவது தொடக்கத்தில் இயல்பு. மணிக்கட்டு, முன்கை, கட்டைவிரலின் அடி ஆகிய இடங்களில் வலியோ, விரல்களில் மரத்துப்போதலோ இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஓய்வுக்குப் பின்னும் அது நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியைத் தாங்கிக்கொண்டு பயின்றால் வேகம் கூடும் என்பது ஆபத்தான நம்பிக்கை. அழுத்தத்தைக் குறைத்து, மணிக்கட்டை நேராக வைத்து, இடையிடையே ஓய்வெடுத்துப் பயில்வதே நெடுநாள் வாசிக்க உதவும்.

பிக், தந்தி, கிட்டார் ஆகியவற்றை மாற்றினால் வேகம் கூடுமா?

சிறிதளவு. 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தடிமன் உள்ள பிக் வளையாது என்பதால், தனிச்சுர ஓட்டத்துக்கு உதவும். தந்திகள் பலகையிலிருந்து அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால், அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். முதல் தந்தி 0.009 அங்குலத் தடிமன் உள்ள தந்தித் தொகுப்பு 0.010 உள்ளதைவிட எளிதாக வளையும். இதற்குமேல் கருவியில் தேட ஒன்றுமில்லை.

எவ்வளவு வேகம் இருந்தால் போதும்?

நீங்கள் வாசிக்க விரும்பும் பாடலின் வேகம், அதற்குமேல் சிறிதளவு இருப்பு. பாடல் 120-இல் இருந்தால், 130-இல் கை தளர்வாக இருக்கும்வரை பயிலுங்கள். மேடையில் பதற்றம் கூடும்போது அந்த இருப்பு உங்களைத் தாங்கும். அந்த நிலையில் வாசிப்பதைப் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். சுரங்கள் தெளிவாகவும் வரிகள் பிரிந்தும் கேட்டால் அந்தப் பாடலுக்கு வேகப் பயிற்சி முடிந்தது, இனி மெட்ரோனோமை அணைத்துவிட்டு வரிகளைச் செதுக்கத் தொடங்கலாம். கலங்கிக் கேட்டால் 110-க்கு இறங்கி, கலங்கிய இடத்தை மட்டும் ஐந்தைந்து சுரங்களாகப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.